கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் சமையற்கலை: சேர்வதற்கு முன்பும் சேர்ந்த பிறகும்

பே ஏரியாவுக்கு வந்து ஆறு வருடம் வீட்டில் இருந்த பிறகு, 38 வயதில் நான் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புகள் தரும் அரசுக் கல்லூரியில், சமையற்கலை வகுப்பில் சேர்ந்தேன். பொங்கல் விழாவுக்கு நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. "இவ்வளவு நல்லா சமைக்கிறீங்களே, உங்களுக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்காத ஆள் இல்லை. முதல் வாரத்திலேயே எனக்கு அதற்குப் பதில் கிடைத்தது. சமைக்கத் தெரிவது ஒரு திறமை. பத்துப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை செய்யும் கூடத்தில், ஒரே பதார்த்தத்தை ஒரே ருசியில் ஐம்பது தடவை, சொன்ன நேரத்துக்கு, சாப்பிட்டவர் உடம்புக்கு ஒன்றும் வராமல், கடைக்கு நஷ்டமும் இல்லாமல் கொடுப்பது வேறு திறமை. கல்லூரி சொல்லித் தருவது இந்த இரண்டாவதைத்தான். புதுச் சமையல் குறிப்புகள் கற்றுக்கொள்ள மட்டும் ஆசை என்றால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. சமையலைத் தொழிலாகச் செய்ய ஆசை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

நான் எழுதுவது கலிஃபோர்னியாவைப் பற்றி. மற்ற மாநிலங்களில் கட்டணமும் விதிகளும் மாறும், வகுப்பறையில் நடப்பது ஏறக்குறைய இதேதான்.

முதலில் விசா

கல்லூரி வலைத்தளத்தைத் திறப்பதற்கு முன் உங்கள் விசாவைப் பாருங்கள். எச்-4, அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில் இருப்பவர்கள் விசா மாற்றாமலேயே படிக்கலாம், முழுநேரமாகவும் சரி, ஒன்றிரண்டு வகுப்பு மட்டும் எடுத்தாலும் சரி. ஆனால் படிக்கலாம் என்பதற்கு வேலை செய்யலாம் என்று பொருள் இல்லை. எச்-4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு 2015 மே மாதத்தில் இருந்து வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது: கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டு வழக்கு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த அட்டை கையில் வரும்வரை உணவகத்தில் சம்பளத்துக்குச் சேர முடியாது. "சம்பளம் வேண்டாம், சும்மா கற்றுக்கொள்கிறேன்" என்று லாபத்துக்கு நடத்தும் கடையில் நிற்பதும் ஆபத்துதான்.

இது ஏன் முக்கியம் என்றால், பல சமையற்கலைச் சான்றிதழ்களில் வெளியே ஓர் உணவகத்தில் இத்தனை மணி நேரம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஒரு பாடம் இருக்கும். அதைக் கல்லூரியின் சொந்தச் சமையற்கூடத்திலேயே முடிக்க வழி உண்டா என்று சேரும் முன்பே துறையில் கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்துவிட்டு, வேலை அனுமதிக்காக ஒரு செமஸ்டர் காத்திருந்தேன்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் (பாடங்களை எண்ணும் அளவு) எடுக்க வேண்டும். கட்டணமும் வெளிநாட்டு மாணவர் கணக்கில் பல மடங்கு கூடும். அவர்களின் குடும்பத்துக்கான எஃப்-2 விசாவில் இருப்பவர்கள் பகுதிநேரமாக மட்டுமே படிக்கலாம். கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். தோழி சொன்னதை நம்பி முடிவெடுக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

கட்டணம்

கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 2012-இல் இருந்து இந்தத் தொகை மாறவில்லை. 30 யூனிட் சான்றிதழுக்கு 1,380 டாலர், 60 யூனிட் பட்டத்துக்கு 2,760 டாலர். தனியார் சமையல் பள்ளிகளில் ஒரே வருடத்துக்குப் பல்லாயிரம் டாலர் கட்டிக் கடனில் மாட்டியவர்களோடு ஒரே அடுப்பில் நின்று வேலை செய்திருக்கிறேன். பெரிய பெயர் வைத்திருந்த லே கார்டன் புளூவின் அமெரிக்கக் கிளைகள் எல்லாமே 2017-க்குள் மூடப்பட்டுவிட்டன. அதனால் விளம்பரப் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"வசிப்பவர்" என்ற சொல்லுக்கு இங்கே தனிப் பொருள் உண்டு. செமஸ்டர் தொடங்கும் நாளுக்கு முன்னால் ஒரு வருடத்துக்கு மேல் மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தொடர்ந்து வாழும் எண்ணத்தையும் காகிதத்தில் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், மாநில ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரித் தாக்கல் இவைதான் சான்று. எச்-1பி, எச்-4 குடும்பங்கள் இந்த அந்தஸ்தைப் பெறலாம், எஃப்-1 காரர்கள் பெற முடியாது. விண்ணப்பத்தில் விசா வகையைப் பார்த்ததும் கணினி சில நேரம் தானாகவே வெளிமாநிலக் கணக்கில் போட்டுவிடும், யூனிட்டுக்கு 300 டாலருக்கு மேல் ரசீது வரும். பயந்துபோய் விட்டுவிடாதீர்கள். சேர்க்கை அலுவலகத்தில் வசிப்பிடம் சரிபார்க்கும் ஆள் ஒருவர் இருப்பார், காகிதங்களோடு அவரைப் போய்ப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் வந்தது, இரண்டு வாரத்தில் சரியானது.

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இருந்தால் ஃபாஃப்ஸா என்ற அரசின் படிப்பு உதவித்தொகைப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். வருமானம் குறைவான குடும்பங்களுக்கு யூனிட் கட்டணமே தள்ளுபடியாகும்.

எந்தக் கல்லூரி

மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் சமையற்கலை கிடையாது. சில இடங்களில் இது ஒரு நூற்றாண்டை நெருங்கும் துறை. லாஸ் ஏஞ்சல்ஸ் ட்ரேட்-டெக், 1925-இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியது, அங்கே சமையல் பாடம் 1927-இல் இருந்து நடக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் உணவகத் துறை 1936-இல் பிறந்தது. அந்த நகரத்திலேயே வசிப்பவர்களுக்கு யூனிட் கட்டணம் இல்லாமல் படிக்கும் திட்டமும் 2017-இல் இருந்து அங்கே உண்டு.

உங்கள் ஊர்க் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பக்கத்து மாவட்டத்துக் கல்லூரிக்கும் அதே 46 டாலர்தான். ஆனால் காலை ஏழு மணி வகுப்புக்கு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுவதை ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தேர்வு செய்ய நான் சொல்லும் ஒரே உருப்படியான வழி, மாணவர்கள் நடத்தும் உணவகத்தில் போய்ச் சாப்பிடுவது. நல்ல துறைகள் பலவற்றில் அப்படி ஒன்று இருக்கும், சாக்ரமெண்டோவில் அமெரிக்கன் ரிவர் காலேஜின் ஓக் கஃபே போல. செமஸ்டர் நடக்கும்போது மட்டும், வாரத்தில் சில நாள் மட்டும் திறந்திருக்கும். விலை வெளியே இருப்பதைவிடக் குறைவு. சாப்பாட்டின் ருசியைவிட மற்றவற்றைக் கவனியுங்கள். சமையற்கூடம் தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஆசிரியர் மாணவர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்கிறாரா, தூரத்தில் நின்று கத்துகிறாரா? ஓர் அடுப்புக்கு எத்தனை பேர்? நாலு பேர் ஒரே சட்டியைச் சுற்றி நின்றால், அதில் மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். பரிமாறும் பிள்ளையிடம் எந்த ஆசிரியர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள்.

சமையற்கலைஞர்களின் சங்கமான அமெரிக்கன் கலினரி ஃபெடரேஷனின் அங்கீகாரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியை ஒதுக்கவும் வேண்டாம்.

சான்றிதழா, பட்டமா

பெரும்பாலான துறைகள் குறுகிய சான்றிதழ், பெரிய சான்றிதழ், இரண்டு வருட அசோசியேட் பட்டம் என்று படிப்படியாக வைத்திருக்கும். ஊரில் ஏற்கெனவே பி.காம், பி.இ. முடித்தவர்களுக்கு என் யோசனை: சான்றிதழ் போதும். பட்டத்தில் கூடுதலாக வருவது ஆங்கிலம், கணிதம், வரலாறு போன்ற பொதுப் பாடங்கள்தான். பிறகு ஹோட்டல் நிர்வாகத்தில் நாலு வருடப் பட்டத்துக்கு, கால் பாலி பொமோனா போன்ற இடத்துக்கு, மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் அந்தப் பாதையை எடுங்கள். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவர்கள் பட்டம் வரை போவது நல்லது.

யூனிட் எண்ணிக்கையைப் பார்த்து நேரத்தைக் கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் அதிகம். பாட வகுப்பில் ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். செய்முறை வகுப்பில் அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று மணி நேரம். நாலு யூனிட் பாடம் ஒன்றில் ஒரு யூனிட் பாட வகுப்பும் மூன்று யூனிட் செய்முறை வகுப்பும் இருந்தால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் கல்லூரியில் நிற்க வேண்டும். குழந்தையைப் பள்ளியில் இருந்து அழைத்து வர வேண்டியவர்கள் பாடத்தின் பெயரைப் பார்க்கும் முன் மணிக் கணக்கைப் பாருங்கள்.

சேரும் வரிசை

விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. சில நாளில் மாணவர் எண் வரும். அறிமுக வகுப்பை இணையத்திலேயே முடித்துவிட்டு, ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள். பொது ஆலோசகரைவிடச் சமையற்கலைத் துறைக்கென்று இருப்பவர் கிடைத்தால் நல்லது. எந்தப் பாடத்துக்கு எது முன்பாடம் என்று அவருக்குத்தான் தெரியும். உணவுப் பாதுகாப்பும் அடிப்படைச் சமையலும் முடிக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. அடிப்படைச் சமையல் வகுப்போ சீக்கிரம் நிரம்பிவிடும்.

நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய் நில்லுங்கள். முதல் நாள் வராத மாணவரின் இடத்தை ஆசிரியர் எடுத்து, வந்து நிற்பவருக்குக் கொடுப்பார். நான் பட்டியலில் ஐந்தாவதாக இருந்தேன். எனக்கு முன்னால் இருந்த நால்வரில் இருவர்தான் வந்தார்கள். அதே காரணத்துக்காக, இடம் கிடைத்தவர்கள் முதல் வகுப்பை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் அதே கல்லூரியில் ஆங்கில மொழி வகுப்புகள் இருக்கும், யூனிட் இல்லாத வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை. ஒரு செமஸ்டர் அதை முடித்துவிட்டு வந்தாலும் தப்பில்லை. ஆனால் இலக்கணம் சரியாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். என் வகுப்பில் ஸ்பானிஷ், கான்டனீஸ், டகாலோக் பேசும் பிள்ளைகள்தான் அதிகம். எல்லோரும் கையால் பேசித்தான் பழகினோம்.

வாங்க வேண்டியவை

கல்லூரி ஒரு பட்டியல் தரும். அதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். பொதுவாக இருப்பவை: எட்டு அங்குல செஃப் கத்தி, சின்ன உரிகத்தி, ரொட்டிக் கத்தி, எலும்பு நீக்கும் கத்தி, தீட்டுகோல், தோல் சீவி, குத்திப் பார்க்கும் வெப்பமானி. முந்நூறு டாலர் ஜப்பானியக் கத்தி முதல் வருடத்துக்கு வேண்டாம். விக்டோரினாக்ஸ் மாதிரி பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஐம்பது டாலருக்குப் பக்கத்தில் கிடைக்கும், விழுந்தாலும் மனசு பதறாது. கத்தியில் மிச்சம் பிடித்த பணத்தைக் காலணியில் போடுங்கள். எண்ணெய்த் தரையில் வழுக்காத கறுப்புக் காலணிதான் உங்கள் இடுப்பையும் முழங்காலையும் காப்பாற்றும். ஐந்து மணி நேரம் நிற்கிறோம், உட்கார நாற்காலியே இருக்காது.

வெள்ளைக் கோட்டு, கால்சட்டை, ஏப்ரன், தொப்பி நாலும் வேண்டும். பாடப்புத்தகம் புதிதாக வாங்கினால் விலை அதிகம். பழைய பதிப்பு பரவாயில்லையா என்று ஆசிரியரைக் கேளுங்கள், நூலகத்திலும் ஒரு பிரதி இருக்கும்.

நம் பெண்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. கையில் வளையல், கயிறு, கைக்கடிகாரம், கல் வைத்த மோதிரம் எதுவும் அனுமதி இல்லை. கல் பதிக்காத மோதிரம் ஒன்று மட்டும் போடலாம். நகப்பூச்சும் கூடாது. தாலியைக் கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குத்தி பற்றி ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது.

முதல் செமஸ்டர்: கை பழகுவது

அருவாமனையில் பழகியவருக்குக் கத்தி தலைகீழ். அங்கே கத்தி அசையாது, காய்தான் கத்தியை நோக்கிப் போகும். இங்கே காய் பலகையில் அசையாமல் கிடக்கும், கத்திதான் நகரும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, நடுவிரல் முட்டியில் கத்தியின் பக்கவாட்டைச் சாய்த்து நகர்த்த வேண்டும். முதல் மூன்று வாரம் எனக்கு வேகம் பாதியாகக் குறைந்தது. வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பீன்ஸ் நறுக்கியவள், இங்கே ஒரு கேரட்டுக்குப் பத்து நிமிடம் எடுத்தேன். விடாதீர்கள், நாலாவது வாரத்தில் வந்துவிடும். வீட்டிலும் அருவாமனையைப் பரணில் ஏற்றிவிட்டுக் கத்தியிலேயே நறுக்குங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது.

நறுக்கும் அளவுக்கு மதிப்பெண் உண்டு. ஜூலியன் என்றால் கால் அங்குலத்தில் பாதி கனத்தில், இரண்டு அங்குல நீளத்தில் குச்சி. அதையே குறுக்கே வெட்டினால் புரூனுவாஸ், மூன்று மில்லிமீட்டர் கனசதுரம். ஆசிரியர் அளவுகோல் வைத்தே பார்ப்பார். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். அவியலுக்கு எல்லாக் காயையும் ஒரே நீளத்தில் நறுக்கச் சொல்லும் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரியும்.

அடுத்தது ருசி பார்ப்பது. எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்கும் முன் எதையும் வாயில் வைக்கக் கூடாது, வாசனையிலேயே உப்பு தெரிந்துவிடும் என்பார் என் பாட்டி. மற்ற நாளில் கரண்டியில் இருந்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்போம். இந்த இரண்டுமே இங்கே செல்லாது. ஒவ்வொரு கட்டத்திலும் ருசி பார்த்தே ஆக வேண்டும், ஒவ்வொரு தடவையும் புதுக் கரண்டி. வாயில் வைத்த கரண்டி திரும்பச் சட்டிக்குள் போகக் கூடாது. கோட்டுப் பையில் சின்னக் கரண்டிகளைக் கற்றையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அளவு. நமக்குக் கண்ணளவு, கையளவு. இங்கே தராசு. அமெரிக்க அளவுகளில் அவுன்ஸ் என்ற ஒரே சொல் எடையையும் குறிக்கும், திரவத்தின் கொள்ளளவையும் குறிக்கும். படிக்கு அரிசி அளப்பதற்கும் கிலோவுக்கு நிறுப்பதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். ஒரு கப் தண்ணீர் எட்டு அவுன்ஸ்தான், ஒரு கப் மாவு அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே நிற்கும். பவுண்டுக்கு 16 அவுன்ஸ், குவார்ட்டுக்கு நாலு கப், காலனுக்கு நாலு குவார்ட். இதை முதல் வகுப்புக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

சமையற்கூடப் பேச்சு தனி. யார் பின்னால் போனாலும் "பிஹைண்ட்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். சூடான சட்டி கையில் இருந்தால் "ஹாட்", கத்தி இருந்தால் "ஷார்ப்", திருப்பத்தில் "கார்னர்". ஆசிரியர் எதைச் சொன்னாலும் "ஹேர்ட்" என்று உரக்கப் பதில். "86" என்றால் அந்தப் பதார்த்தம் தீர்ந்துவிட்டது. "ஆல் டே" என்றால் மொத்த எண்ணிக்கை. மென்மையாகப் பேசியே வளர்ந்தவர்களுக்கு இப்படிக் கத்துவது கூச்சமாக இருக்கும். ஆனால் நீங்கள் சொல்லாமல் திரும்பினால் ஒருவர் மேல் கொதிக்கும் எண்ணெய் கொட்டும். முதல் நாளிலேயே குரலை உயர்த்திப் பழகுங்கள்.

பாடத்திட்டம் பிரெஞ்சு முறையில் இருக்கும். வெங்காயம் இரண்டு பங்கு, கேரட் ஒன்று, செலரி ஒன்று சேர்ந்த மிர்புவா, சாஸைக் கெட்டியாக்கச் சம எடை மாவும் வெண்ணெயும் வறுத்த ரூ, மற்றவற்றுக்கு அடிப்படையான ஐந்து தாய்ச் சாஸ்கள். தாளிப்பும் வறுத்தரைப்பதும் இந்தப் பக்கங்களில் வராது. இதனால் மனம் சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் விஜய் குமாரைப் பற்றிச் சொல்வேன். நத்தம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்து, திருச்சியில் கேட்டரிங் படித்து, கப்பலில் வேலை செய்து, எங்கள் பக்கத்து பர்லிங்கேமில் ராசா உணவகத்தில் சமைத்து, பிறகு நியூயார்க்கின் செம்மா உணவகத்தில் நத்தைப் பிரட்டலைத் தட்டில் வைத்தவர். 2025-இல் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞர் என்று, அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கினார். கிராமத்து ருசி அவருடையது. அதை ஒவ்வொரு இரவும் தவறாமல் தட்டுக்குக் கொண்டுவருவது தொழில்முறைப் பயிற்சி.

உணவுப் பாதுகாப்பு: இதில் மட்டும் அசட்டை வேண்டாம்

எல்லோரும் சலித்துக்கொள்ளும் பாடம் இது, எனக்கு மிக உதவிய பாடமும் இதுதான். 41 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்து 135 டிகிரி வரை ஆபத்து எல்லை, அதாவது 5-இல் இருந்து 57 டிகிரி செல்சியஸ். கிருமி வேகமாகப் பெருகும் இடம். சமைத்த உணவை ஆறவைக்கும்போது முதல் இரண்டு மணி நேரத்தில் 135-இல் இருந்து 70 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்தில் 41-க்கும் இறக்க வேண்டும்.

நம் வீட்டு வழக்கத்தை இதில் வைத்துப் பாருங்கள். பெரிய குண்டானில் சாம்பார் வைத்து, மூடி, இரவெல்லாம் மேடையிலேயே ஆற விடுகிறோம். குண்டானின் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். அதே சாம்பாரை இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். சோறும் இதே கதைதான். அரிசியில் ஒட்டியிருக்கும் ஒரு வகை பாக்டீரியாவின் விதைகள் கொதியிலும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தமிழ்ச் சங்கத்து விழாக்களுக்குச் சமைக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோசை மாவைப் பற்றி ஆசிரியரிடம் கேட்டேன். அவர் அமிலம் அளக்கும் மானியை எடுத்து வந்தார். புளிக்கப் புளிக்க பிஎச் என்ற அமில அளவீட்டு எண் இறங்கும். 4.6 என்பது உணவு விதிகளில் முக்கியமான கோடு, அதற்குக் கீழே நோய்க்கிருமிகள் வளரத் திணறும். என் மாவை வகுப்பு முழுவதும் சுற்றி நின்று அளந்தது எனக்கு மறக்காத நாள்.

ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பது பொருள்கள்: பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா, எள். எள் 2023 ஜனவரியில் சேர்ந்தது. நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் அதில் அடக்கம். தேங்காயை 2025-இல் அமெரிக்க மத்திய அரசின் உணவுத் துறை மரக்கொட்டைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் கேட்பவரிடம் தேங்காய் இருக்கிறது என்று சொல்லிவிடுவதே நல்லது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பாரில் கோதுமையே இல்லை என்று உறுதி கொடுக்கும் முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

இந்தப் பாடத்தின் முடிவில் செர்வ்சேஃப் என்ற உணவுப் பாதுகாப்பு மேலாளர் தேர்வு எழுதுவீர்கள். 90 கேள்விகள், எல்லாம் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். படிப்பைப் பாதியில் விட நேர்ந்தாலும் வேலை தேட இந்த ஒரு காகிதம் உதவும்.

சைவம் சாப்பிடுபவர்கள்

கோழியை எட்டாக வெட்டுவதும், மீனைச் செதில் எடுத்துப் பிரிப்பதும், மாட்டெலும்பில் சாறு எடுப்பதும் அடிப்படைப் பாடத்தில் உண்டு. தொடவே முடியாது என்றால் இந்தச் சான்றிதழ் கடினம். சங்கடப்பட்டு நடுவில் நிறுத்துவதைவிடச் சேரும் முன் ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். தொடுவேன், சாப்பிட மாட்டேன் என்பவர்களுக்குப் பல ஆசிரியர்கள் வழிவிடுகிறார்கள்: பக்கத்தில் உள்ளவர் ருசி பார்த்துச் சொல்வார், நீங்கள் உப்பும் புளிப்பும் சரிசெய்வீர்கள். என்னோடு படித்த ஒரு பெண் அப்படியே முடித்தார். பேக்கரிச் சான்றிதழ் இன்னொரு வழி. அங்கே இறைச்சி இல்லை, முட்டை நிறைய, எலும்பில் இருந்து எடுக்கும் ஜெலட்டின் சில இனிப்புகளில் வரும். ஹலால் பார்ப்பவர்களும் வைன் ஊற்றும் சாஸ்களைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

கணக்குப் பாடம்

ஐம்பது பவுண்டு வெங்காய மூட்டை 30 டாலர். பவுண்டு 60 சென்ட் என்று எழுதினால் தப்பு. தோலும் வேரும் போனால் நிற்பது 45 பவுண்டு, ஆக உண்மையான விலை கிட்டத்தட்ட 67 சென்ட். ஒரு தட்டுக்குப் பொருள் செலவு 4 டாலர், பொருள் செலவு விலையில் 30 சதவீதம் என்று வைத்தால், விற்க வேண்டிய விலை 13 டாலர் 33 சென்ட். வீட்டில் இருந்து சாப்பாடு விற்றவர்கள் பலர் ஏன் களைத்துப்போய் நிறுத்தினார்கள் என்று இந்த வகுப்பில்தான் எனக்குப் புரிந்தது. வீட்டுச் சமையலை விற்க மாநிலத்தில் சட்டப்படி அனுமதி வாங்க வழிகள் உண்டு, ஆனால் கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், விதி மாறும். சுகாதாரத் துறையில் விசாரிக்காமல் தொடங்காதீர்கள்.

வேலைக்குப் போகும்போது

சமையற்கலை படித்தால் உணவகத்தில் இரவு வேலைதான் என்று பலர் பயப்படுகிறார்கள். பள்ளி மாவட்டச் சமையற்கூடங்கள், மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், பெரிய நிறுவனங்களின் கேன்டீன்கள் எல்லாம் பகல் வேலை. குழந்தை உள்ளவர்கள் இந்தப் பக்கம் முதலில் பாருங்கள். துறை ஆசிரியர்களுக்கு இங்கெல்லாம் பழைய மாணவர்கள் இருப்பார்கள், அவர்கள் ஒரு போன் போட்டால் நடக்கும்.

நான் முதலில் பயிற்சிக்குப் போன உணவகத்தில் மூன்று வாரம் பூண்டு உரிப்பதைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. நான் வாய் திறந்து கேட்காமல் இருந்ததும் ஒரு காரணம். ஆசிரியரிடம் சொன்னபோது, பயிற்சி ஒப்பந்தத்தில் என்னென்ன வேலை என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார், வேறு இடத்துக்கும் மாற்றிவிட்டார். உங்கள் ஒப்பந்தத்தை முதல் நாளே படியுங்கள்.

வேலைக்கு எடுக்கும் முன் ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டச் சொல்வார்கள். அதற்கு ஸ்டாஜ் என்று பெயர். அன்றைக்குச் சம்பளம் உண்டா, எத்தனை மணி நேரம் என்று போகும் முன்பே கேளுங்கள். விற்கப்போகிற உணவுக்கு நீங்கள் நறுக்கினால் அது கூலிக்குரிய வேலை. சேர்ந்த 30 நாளுக்குள், அடிப்படை உணவுப் பாதுகாப்பு தெரியும் என்று காட்டும் உணவு கையாளும் அட்டை வாங்க வேண்டும், அதன் செலவை 2024-இல் இருந்து முதலாளிதான் ஏற்க வேண்டும். செர்வ்சேஃப் மேலாளர் சான்றிதழ் கையில் இருந்தால் அந்த அட்டையே தேவைப்படாது.

ஸ்டாஜ் அன்று பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். தீட்டிய கத்தி, வெப்பமானி, தடிமனான மார்க்கர், சின்னக் குறிப்பேடு, கரண்டிகள் உடன் இருக்கட்டும். நறுக்கச் சொன்னதும் எந்த அளவு என்று கேட்டு, ஒரு துண்டு வெட்டிக் காட்டி, சரி என்ற பிறகு மீதியைத் தொடங்குங்கள். டப்பாவில் போடுவதில் எல்லாம் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் உங்கள் மேடையைத் துடைத்து, கத்தியைக் கழுவி ஈரம் போகத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, அடுத்த வார அட்டவணை எந்தக் கிழமை வரும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.